பள்ளத்தாக்குக்கு ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம்.

மலையகத்தில் வானொலி, இணைய இணைப்பு, டவர் வேலைகளில் இருக்கும் நாங்கள் ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறோம். ஒரே கலையகம், ஒரே நிகழ்ச்சி. ஆனால் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக 10 வாட் அளவிலான சிறு பண்பலை டிரான்ஸ்மிட்டர்கள். கலையகத்தின் ஒலி அவற்றுக்கு இணையத்தின் வழியே போய்ச் சேரும். இப்படி அமையும் நிலையத்தை ஒரே தொகுதியாக, ஒரே விண்ணப்பத்தின் கீழ் ஆணைக்குழு பரிசீலிக்க வேண்டும். அந்த அனுமதியோடு கடுமையான தொழில்நுட்ப நிபந்தனைகளையும் விதிக்கும்படி நாங்களே கேட்கிறோம். இந்த மடலின் பெரும்பகுதி அந்த நிபந்தனைகளைப் பற்றியதுதான். இந்த முறையில் எது எங்கே கெடும் என்று தெரிந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உயரமான மலையில் பெரிய டிரான்ஸ்மிட்டரை வைத்தால் எல்லோருக்கும் கேட்கும் என்பது சமவெளிக்குச் சரிவரும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. குறுக்கே ஒரு மலைத்தொடர் வந்தால் அதன் பின்னால் நிழல் விழுந்துவிடும். 1 கிலோவாட் கதிர்வீச்சுத் திறனுள்ள (அன்டெனாவின் ஆதாயமும் சேர்ந்து வெளியே போகும் திறன்) நிலையம், தடையேதும் இல்லாவிட்டால், 30 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 77 டெசிபெல் புலவலிமை தரும் (மீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் என்பதை அடிப்படையாக வைத்து). கிராமப்புறத்தில் ஸ்டீரியோவுக்கு 54, மோனோவுக்கு 48 இருந்தால் போதும் என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.412 பரிந்துரை. ஆக 77 தாராளம். இடையில் ஒரு மலைத்தொடர் 35 டெசிபெல்லை விழுங்கினால் மிஞ்சுவது 42. அந்தப் பரிந்துரையும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்டெனாவுக்குச் சொன்னது. தகரக் கூரை போட்ட லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அறைக்குள் மேசைமேல் இருக்கும் ரேடியோவுக்கு இன்னும் நிறைய வேண்டும். டிரான்ஸ்மிட்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் கூடுவது 10 டெசிபெல்தான். மலைத்தொடர் தின்ற 35ஐ அதனால் ஈடுகட்ட முடியாது.

அதே பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் 25 வாட் கதிர்வீச்சுத் திறனோடு ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் இருந்தால், 4 கிலோமீட்டர் தள்ளி எதிர்ச் சரிவில் உள்ள லயங்களுக்கு நேர்ப்பார்வையில் சுமார் 79 டெசிபெல் போய்ச் சேரும். தொலைவில் இருக்கும் 1 கிலோவாட்டை விட அருகில் இருக்கும் 25 வாட் அந்த மக்களுக்குப் பயனுள்ளது.

நில அமைப்பும் இதற்கே தோதானது. நோர்வூட்டும் பொகவந்தலாவையும் கெஹெல்கமு ஓயாப் பக்கம்; மஸ்கெலியா மஸ்கெலி ஓயாப் பக்கம்; தலவாக்கலை கொத்மலை ஓயாப் பக்கம். இவற்றுக்கு நடுவே மலைத்தொடர்கள். பதுளைப் பக்கம் 2036 மீட்டர் உயர நமுனுகுலவின் மறுபுறத்தில் பசறையும் லுணுகலையும் மடுல்சீமையும். ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணம். வானொலியையும் இணையத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் மலையகத்துக்குப் புதிதில்லை. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு இணையத்தில் தேடி நேயர்களின் கேள்விகளுக்கு ஒலிபரப்பில் பதில் சொன்னது. அன்று இணையம் கலையகத்துக்குத் தகவல் கொண்டு வந்தது. இன்று அது கலையகத்தின் ஒலியையே மலைக்கு மலை கொண்டுபோக முடியும்.

ஆணைக்குழுவுக்கு முதலில் எழும் கவலை எங்களுக்கும் தெரியும். 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டை ஏற்கெனவே நெரிசல். உதாரணமாக ஒரு நிலையத்துக்கு எட்டு டிரான்ஸ்மிட்டர் என்றால், எட்டு அலைவரிசை எங்கிருந்து வரும்? மூன்று போதும் என்பது எங்கள் கணிப்பு. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளுக்கு வெவ்வேறு அலைவரிசை. இரண்டு மலைத்தொடர் தாண்டிய பிறகு முதல் அலைவரிசையையே திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் தாளில் வரைந்து முடிவு செய்யக்கூடாது, களத்தில் அளந்தே முடிவு செய்ய வேண்டும். ஒரே அலைவரிசையில் வரும் இரண்டு சைகைகளில் வேண்டியது வேண்டாததைவிட மோனோவில் 36 டெசிபெல்லும் ஸ்டீரியோவில் 45 டெசிபெல்லும் மேலே இருக்க வேண்டும் என்பதும் அதே பிஎஸ்.412 பரிந்துரைதான்.

நிகழ்ச்சி ஒன்றுதானே, எல்லா டிரான்ஸ்மிட்டரையும் ஒரே அலைவரிசையில் ஓட்டினால் என்ன என்று யாராவது விண்ணப்பித்தால் தயவுசெய்து நிராகரியுங்கள். அதற்கு எல்லா டிரான்ஸ்மிட்டரும் ஜிபிஎஸ் கடிகாரத்தில் பூட்டப்பட்டு, ஒலி மைக்ரோ வினாடிக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். சாதாரண இணைய ஸ்ட்ரீமில் ஒவ்வொரு நிலையத்தின் தாமதமும் வினாடிக் கணக்கில் வேறுபடும். இரண்டு சைகையும் சம அளவில் விழும் இடத்தில் இரண்டுமே கேட்காது.

மோனோவைத்தான் நாங்கள் வற்புறுத்துகிறோம். ஸ்டீரியோவுக்கும் மோனோவுக்கும் இடையிலுள்ள அந்த 6 டெசிபெல், திறனில் நான்கு மடங்கு. அதாவது மோனோவில் 25 வாட் செய்வதை ஸ்டீரியோவில் செய்ய 100 வாட் வேண்டும். செய்தியும் பேச்சும் பாட்டும் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவிலோ போனிலோ கேட்கப்படும் இடத்தில் அந்த நான்கு மடங்கை வீணாக்க நியாயமில்லை. அலையை நிலைக்குத்தாக அனுப்புவதும் நல்லது. ரேடியோவின் இழுப்புக் கம்பியும் போனுக்கு அன்டெனாவாக வேலை செய்யும் இயர்போன் வயரும் பெரும்பாலும் நின்ற வாக்கில்தான் இருக்கின்றன.

இனி ஒலி போகும் வழி. கலையகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை: மிக்சரிலிருந்து நல்ல சவுண்ட் கார்ட், அதிலிருந்து என்கோடர் ஓடும் கணினி, யுபிஎஸ். கலையகத்திலிருந்து ஒரே ஒரு ஸ்ட்ரீம் வெளியே போக வேண்டும். அதை எட்டாகப் பிரிக்கும் வேலை சர்வருடையது. ஐஸ்காஸ்ட் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கலையகமே எட்டுப் பேருக்கும் தனித்தனியாக அனுப்பினால் கலையக இணைப்பு கொஞ்சம் திணறினாலும் எட்டும் சேர்ந்து விக்கும். சர்வர் இலங்கைக்குள் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே வைத்தால், சர்வதேச இணைப்பில் கோளாறு வரும் நாளில் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போக வேண்டிய ஒலி நாட்டை விட்டு வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும்.

ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கில் மோனோவுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் தாராளமான தரம். அது நாளுக்கு சுமார் 0.69 ஜிபி, 30 நாளைக்கு 20.7 ஜிபி. பலர் இந்த இடத்தில் கணக்கை முடித்து டேட்டா பேக்கேஜ் வாங்கிவிடுகிறார்கள். ஒலியை 20 மில்லி வினாடித் துண்டுகளாக ஆர்டிபி என்ற நேரடி ஒலி அனுப்பும் முறையில் அனுப்பினால் ஒவ்வொரு துண்டும் 160 பைட். அதன் தலையில் ஏறும் முகவரித் தகவல் மட்டும் 40 பைட். 64 கிலோபிட் 80 ஆகிவிடும், மாதத்துக்கு 26 ஜிபி. துண்டை 60 மில்லி வினாடியாக்கினால் 69 கிலோபிட்டுக்கு இறங்கி 22.5 ஜிபியில் நிற்கும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டு நிலையம் ஊமையாவதற்கு இந்தச் சின்னக் கணக்கு காரணமாகலாம்.

மலையில் இருக்கும் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த முறையின் சிக்கல்கள் முக்கால்வாசி அதற்குள்தான். பெட்டிக்குள் ராஸ்பெரி பை 4 என்ற ஒரு சிறு கணினி (இனிச் சுருக்கமாக ‘பை’), வெளி அன்டெனா பூட்டக்கூடிய 4ஜி ரவுட்டர், யுஎஸ்பி சவுண்ட் கார்ட், டிரான்ஸ்மிட்டர், பெட்டரி, சார்ஜர். ‘பை’ கணினியில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து ஒலியை எடுக்க வேண்டாம்; அதன் இரைச்சல் அப்படியே ஒலிபரப்பில் கேட்கும்.

கரண்ட் திடீரென்று போய் வருவதால் எஸ்டி கார்ட் கெடுவது எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, எழுதுவதெல்லாம் நினைவகத்தில் எழுதும்படி அமைத்தால் அது தீரும். தெரியாத கோளாறு கடிகாரம். பை 4இல் பெட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்திடம்தான் கேட்டுக்கொள்ளும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பெட்டி உயிர்க்கும்போது அதன் கணக்கில் பழைய தேதி. மறைகுறியிட்ட பாதுகாப்பான இணைப்பில் சர்வரை அழைத்தால், சர்வரின் அடையாளச் சான்றிதழின் செல்லுபடித் தேதி ஒத்துவரவில்லை என்று பெட்டியே இணைப்பை மறுத்துவிடும். இணையம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, கரண்ட் வந்துவிட்டது, ஆனால் ஒலி இல்லை. நேரச் சர்வர் எட்டாத வரை அப்படியேதான் கிடக்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரத் துண்டைப் பூட்டினால் இந்தக் கோளாறே வராது. விலை அற்பம். இதை நிபந்தனையாகவே எழுதுங்கள்.

இன்னொன்று சில நாள் நன்றாக ஓடிய பிறகே தலைகாட்டும். கலையகத்தின் சவுண்ட் கார்டும் மலையில் உள்ள சவுண்ட் கார்டும் வினாடிக்கு 48,000 ஒலித்துளிகள் (சாம்பிள்) என்று எண்ணுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரப் படிகத்தை நம்பி எண்ணுகிறது. இரண்டுக்கும் பத்து இலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், ஒரு நாளில் 4.3 வினாடி பிசகும். பெட்டிக்குள் சேமித்து வைத்திருக்கும் ஒலி, பீலித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் அள்ளிக்கொள்ள நிரப்பி வைத்த பீப்பாய் மாதிரி. மலைப் பெட்டி கொஞ்சம் வேகமாக அள்ளினால், 15 வினாடிச் சேமிப்பு மூன்றரை நாளில் வற்றிவிடும். 2 வினாடிதான் வைத்திருந்தால் பதினொரு மணி நேரம். இணைப்பு அறுந்தது என்று நினைத்து ரவுட்டரை மாற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள். கோளாறு அங்கே இருக்காது. சேமிப்பின் அளவைப் பார்த்து ஒலியின் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவில் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்தான் மருந்து. விண்ணப்பதாரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்போம்: உங்கள் பெட்டி பத்து நாள் தொடர்ந்து ஓடிய பிறகு சேமிப்பின் அளவு என்ன? பதில் தெரியாவிட்டால் அவர்கள் இன்னும் தயாராகவில்லை.

4ஜி இணைப்புக்குப் பெரும்பாலும் தனியான பொது முகவரி கிடைப்பதில்லை; பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ஆகவே கொழும்பிலிருந்து மலைப் பெட்டியை நேராக அழைக்க முடியாது. பெட்டிதான் வெளியே அழைத்து, வயர்கார்ட் போன்ற மறைவழி ஒன்றைத் திறந்து, 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு தட்டுத் தட்டி அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் சில வானொலி நிலையங்களின் ஸ்ட்ரீம் கருவிகளுக்குள் வெளியார் இணையத்தின் வழியே புகுந்து, ஆபாசமான நிகழ்ச்சியை ஒலிபரப்பில் ஓடவிட்டார்கள். சரியான கடவுச்சொல் இல்லாமல் பொது முகவரியில் திறந்து கிடந்த கருவிகள் அவை. மண்சரிவு எச்சரிக்கை சொல்லப்போகும் ஒரு நிலையத்தில் அப்படி நடந்தால் விளைவு எவ்வளவு பாரதூரமாக இருக்கும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. நிலையத்துக்கு நிலையம் வேறு சாவி, பொது இணையத்துக்குத் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை என்பதை ஆணைக்குழு சோதித்த பிறகே அனுமதி தர வேண்டும்.

அன்டெனாப் பக்கம் நடக்கும் தவறு சிக்கனத்தால் வருவது. 10 வாட் டிரான்ஸ்மிட்டரோடு 25 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளைப் பூட்டினால் சுமார் 4 டெசிபெல் கேபிளிலேயே சூடாகிப் போய், மேலே சேர்வது 4 வாட். ஆர்ஜி-213 என்றால் ஏறக்குறைய 7 வாட். எல்எம்ஆர்-400 என்றால் 8 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று உறுப்பு யாகி அன்டெனாவின் 5 டெசிபெல் ஆதாயத்தைச் சேர்த்தால் அந்த 8 வாட் பள்ளத்தாக்கை நோக்கி 25 வாட் ஆகிறது. பின்பக்கம் அடுத்த பள்ளத்தாக்குக்குச் சிந்துவதும் குறைகிறது. இணைப்பியில் தண்ணீர் இறங்குவதுதான் மலையகத்தில் அன்டெனாவின் பெரிய எதிரி. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் மடிப்புகள் ஓட்டுக் கூரை போல் கீழ்நோக்கி விழும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட வேண்டும். முழுக்க மூடிய பெட்டி மூடுபனியில் உள்ளே வியர்க்கும். அடிப்பக்கம் எறும்பு நுழையாத கம்பிவலை போட்ட துளை அவசியம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி விழும் நாடு இது. கோபுரத்தின் காலில் ஒரு நிலத்தொடுப்பு, கேபிள் நுழையும் இடத்தில் வாயு நிரப்பிய மின்னல் தடுப்பான், மின்சார இணைப்பில் ஒரு தடுப்பான், மூன்றும் ஒரே செப்புப் பட்டையில் சேர வேண்டும். தனித்தனியே நிலத்தில் இறக்கினால் இடி விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் பெட்டியின் வழியாகவே பாயும். பாறைத் தரையில் ஒரு கம்பி அடித்தால் எதிர்ப்பு 10 ஓமுக்குள் வராது. செப்புப் பட்டையைத் தேயிலை வரிசையின் ஓரமாக நீளவாக்கில் புதைப்பதே வழி.

விமானப் போக்குவரத்து விடயத்தில் நாங்கள் ஆணைக்குழுவை விடக் கடுமையாகவே இருக்க விரும்புகிறோம். பண்பலைப் பட்டைக்கு மேலே 108 முதல் 118 மெகாஹேர்ட்ஸ் வரை விமான வழிகாட்டிக் கருவிகள். ஒரே கோபுரத்தில் 104.5உம் 99.0உம் இருந்து, ஒரு டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குள் மற்றதன் அலை புகுந்தால், 104.5ஐ இரட்டித்து 99.0ஐக் கழித்த 110.0 மெகாஹேர்ட்ஸில் ஒரு பொய்யலை பிறக்கும். வடிகட்டி இல்லாத மலிவு டிரான்ஸ்மிட்டர்கள் இதைத் தடுக்காது. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் பட்டை வடிகட்டி, வேண்டாத அலைகள் 60 டெசிபெல் கீழே இருப்பதற்கான அளவீட்டுத் தாள், அலைவிலகல் (ஒலிக்கேற்ப அலைவரிசை அசையும் அளவு) 75 கிலோஹேர்ட்ஸைத் தாண்டாமல் பிடிக்கும் ஒலி வரம்பி: இவை இல்லாத பெட்டிக்கு முத்திரை குத்தாதீர்கள்.

இணையமே நின்றுபோனால்? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டின் பல பகுதிகளில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அறுந்தன. வானொலி மிகவும் தேவைப்படும் நாளில் இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே இந்த முறையை அமைக்க வேண்டும். இரண்டு சிம் போட்டிருக்கிறோம் என்ற பதிலை ஏற்க வேண்டாம். இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் ஒரே டவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்த டவரின் பெட்டரி தீர்ந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். போதாததற்கு, மலிவான இரட்டைச் சிம் ரவுட்டரில் மோடம் ஒன்றுதான்; சிம் மாறி இணைய ஒரு நிமிடம்வரை எடுத்தால் 15 வினாடிச் சேமிப்பு அதற்குள் வற்றிவிடும்.

எங்கள் யோசனை இது. முதல் வழி இணைய ஸ்ட்ரீம். அது நின்றால், அடுத்த பள்ளத்தாக்கின் டிரான்ஸ்மிட்டரை மலைத்தோளில் வைத்த ஒரு பண்பலை ரிசீவர் பிடித்து அனுப்பும் ஒலி. தரம் குறையும், ஆனால் செய்தி போய்ச் சேரும். ரிசீவரின் அன்டெனாவை டிரான்ஸ்மிட்டரின் அன்டெனாவுக்குப் பின்னால் சில பத்து மீட்டர் தள்ளி வைத்து, இரண்டு அலைவரிசைக்கும் குறைந்தது 2 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி விட்டு, நடுவில் வடிகட்டியும் போடாவிட்டால் சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைச் செவிடாக்கிவிடும். மூன்று அலைவரிசைகளை ஒதுக்கும்போது இந்த இடைவெளியையும் மனதில் வையுங்கள். அதுவும் நின்றால் பெட்டிக்குள் பதிவு செய்து வைத்த ஒலி: நிலையத்தின் பெயர், அனர்த்த அவசர அழைப்புக்கான 117 இலக்கம், வெளியேறும்போது செய்ய வேண்டியவை, தமிழிலும் சிங்களத்திலும். அதைக் கேட்பவர்களுக்கு இது பதிவுதான் என்பதும் சொல்லப்பட வேண்டும். நேரடித் தொடர்பு 24 மணி நேரம் இல்லாவிட்டால் டிரான்ஸ்மிட்டர் தானாக அணைய வேண்டும்.

பெட்டரிக் கணக்கும் இதில் சேரும். 10 வாட் டிரான்ஸ்மிட்டர், பை, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 33 வாட் இழுக்கும். 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் எண்பது சதவீதம் பயன்படுத்தினால் 31 மணி நேரம். கரண்ட் போய் ஆறு மணி நேரமானதும் டிரான்ஸ்மிட்டரைத் தானாக 2 வாட்டுக்கு இறக்கினால் மொத்த இழுவை 20 வாட்டுக்கு வந்து, ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். திறன் ஐந்திலொன்று ஆனாலும் புலவலிமை 7 டெசிபெல்தான் குறையும். 79 என்பது 72 ஆகும். சூரியத் தகட்டை நம்பி மேற்குச் சரிவில் யாரும் கணக்குப் போட வேண்டாம். தென்மேற்குப் பருவம் முழுக்கத் தகடு மேகத்துக்குள்தான்.

சிறு டிரான்ஸ்மிட்டரால் பெரிய டிரான்ஸ்மிட்டர் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய முடியும் என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மாவட்டம் முழுக்கக் கேட்கும் ஒரே டிரான்ஸ்மிட்டரில் எல்லாப் பிரிவுகளையும் வரிசையாக வாசிக்க வேண்டும். தன் பிரிவு வரும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் தேநீர் வைக்கப் போனால் தவறிவிடும். பள்ளத்தாக்குக்கு ஒரு பெட்டி இருந்தால், அந்தப் பெட்டிக்கு மட்டும் ஓர் அவசர ஸ்ட்ரீமைத் திறந்து, வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்தி, அந்தப் பிரிவின் எச்சரிக்கையை அங்கே மட்டும் சொல்லலாம். லிக்விட்சோப் போன்ற மென்பொருளில் இது முன்னுரிமை வரிசையில் ஒரு வரி கூட்டுவதுதான். அந்த அவசர ஸ்ட்ரீமின் சாவி கலையகத்திடம் மட்டும் இருக்காமல் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் இருக்கலாம். யார் எப்போது திறந்தார்கள் என்பது பெட்டியில் பதிவாக வேண்டும்.

தாமதத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். கலையகத்தில் பேசியது வானலையில் வர 15 முதல் 20 வினாடி ஆகும். மணிச்சத்தம் போட்டு நேரம் சொல்லும் வழக்கத்தை இந்த நிலையங்கள் கைவிட வேண்டும். தொலைபேசியில் பேசும் நேயர் தன் ரேடியோவை அணைக்காவிட்டால் தன் குரலையே பிந்திக் கேட்டுத் தடுமாறுவார். எச்சரிக்கைக்கு இந்தத் தாமதம் தடையில்லை.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கை தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அலைவரிசைப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது ஆணைக்குழு. ஆகவே உங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒரு பரீட்சார்த்த அனுமதி. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய நான்கு இடங்கள், மூன்று அலைவரிசைகள், மோனோ மட்டும், கதிர்வீச்சுத் திறன் 25 வாட்டுக்கு மேல் இல்லை. ஒலிபரப்பு தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும் உங்கள் அளவீட்டு வாகனம் மலைத்தோள்களில் புலவலிமையை அளக்கட்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற எந்த நிலையத்துக்காவது இடைஞ்சல் என்றால் அதே நாளில் தொலைவிலிருந்து அணைக்கும் வசதியை உங்கள் கையிலேயே தருகிறோம். ஒவ்வொரு பெட்டியின் சேமிப்பு அளவு, பெட்டரி வோல்ட், அன்டெனாவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பி வரும் திறன், ஸ்ட்ரீம் நின்ற நேரம், எந்த மாற்று வழி எப்போது ஏறியது என்ற பதிவுகளை மாதந்தோறும் சமர்ப்பிப்போம். பொதுமக்களும் அதைப் பார்க்கட்டும்.

பரீட்சார்த்தக் காலம் மூன்று மாதம் என்றால் பயனில்லை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் பெட்டிகள் பூட்டப்பட்டு, ஒக்டோபர், நவம்பர் இடிமழை முடியும்வரை ஓட வேண்டும். கேபிளில் தண்ணீர் இறங்குகிறதா, நிலத்தொடுப்பு தாங்குகிறதா, டவர் விழுந்த பிறகு ரிசீவர் வழி ஏறுகிறதா என்பவை அந்த மாதங்களில்தான் தெரியும். இடத்துக்கான சம்மதத்தைத் தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச செயலகங்களிடமும் பெற எங்களுக்கும் சில மாதம் தேவை. எனவே மே மாதத்துக்கு நான்கு மாதம் முன்னதாகவாவது உங்கள் பதில் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையகத்தில் ஒலிபரப்பு, இணைய இணைப்பு வேலைகளில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர்கள்